கோட்டைக்குள் வந்த குழாய்: ஜெய்சால்மர் நாட்குறிப்பு

ஜனவரி 18, 2025, சனி

ஜோத்பூரிலிருந்து ரயிலில் ஜெய்சால்மர் வந்து சேர்ந்தோம். கோட்டைக்குள்ளேயே தங்கும் விடுதிகள் பல இருக்கின்றன. வேண்டுமென்றேதான் வெளியே அறை எடுத்திருக்கிறோம். ஏன் என்பதை நாளை எழுதுகிறேன்.

மாலையில் கடீசர் ஏரி. 14-ஆம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி சிங் என்ற அரசரின் பெயரால் அமைந்த நீர்த்தேக்கம். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 20 செ.மீ. அளவுக்கே மழை காணும் ஊர், குழாய் வரும்வரை இந்த நீரை நம்பித்தான் பிழைத்தது. இன்று அதில் மிதிபடகு விடுகிறார்கள். கரையில் இருக்கும் வாயிலைத் திலோன் என்ற கணிகை கட்டினாளாம். அரசன் இடித்துவிடுவானோ என்று அஞ்சி, மேலே ஒரு கிருஷ்ணர் கோயிலையும் வைத்துவிட்டாளாம். கதையோ நிஜமோ, கெட்டிக்காரி.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று முழுவதும் கோட்டை. ‘பாட்டி’ என்னும் ராஜபுத்திரக் குலத்து அரசரான ராவல் ஜெய்சால், லோதுர்வாவில் இருந்த தலைநகரை விட்டு 1156-இல் இந்தத் திரிகூடக் குன்றுக்கு வந்தார். சிந்துவுக்கும் பாரசீகத்துக்கும் போகும் ஒட்டகச் சாத்துகள் (வணிகக் கூட்டங்கள்) இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். அவற்றிடம் வாங்கிய சுங்கம்தான் அரசின் வருமானம். விளைச்சல் இல்லாத மண்ணில் 99 கொத்தளங்களோடு ஒரு கோட்டை எழும்பியது அந்தக் காசில்தான். வழிப்போக்கரை நம்பிப் பிழைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. அன்று வணிகர், இன்று நாம்.

மற்ற கோட்டைகளில் அரண்மனையைப் பார்த்துவிட்டு வெளியேறிவிடலாம். இங்கே சுமார் மூவாயிரம் பேர் குடியிருக்கிறார்கள். சமணக் கோயில்களின் பளபளக்கும் சிற்பங்களை விட்டு வெளியே வந்தால் சந்தில் மாடு நிற்கிறது, மாடியில் போர்வை காய்கிறது, பள்ளிப் பையோடு ஒரு பெண் ஓடுகிறாள். மாலை வெயிலில் மஞ்சள் கல் முழுவதும் பொன்னாக மாறுவதை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன்.

ஆனால் என் கண் குழாய்களில்தான் இருந்தது. குடத்தில் சுமந்து வந்த நீரை அளந்து செலவழித்த மக்களுக்காகக் கட்டிய கோட்டை இது. சுற்றுலா வளர்ந்ததும் வீடுகள் விடுதிகளாயின, அறைக்கொரு குளியலறை வந்தது. கசியும் நீர் குன்றின் களிமண்ணில் இறங்குகிறது, மண் இளகுகிறது, மேலே இருக்கும் கல் நகர்கிறது. ஆபத்தில் இருக்கும் நினைவுச்சின்னங்களின் உலகப் பட்டியலில் 1996-லேயே இதன் பெயர் ஏறிவிட்டது. யுனெஸ்கோ அங்கீகாரம் 2013-இல் வந்தது. 2024 ஆகஸ்ட் மழையில் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. நாங்கள் வெளியே தங்கியதற்கு இதுதான் காரணம். அதற்காக உள்ளே விடுதி நடத்துபவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஒட்டகச் சாத்து நின்றுபோன ஊரில் அவர் வேறு என்ன செய்வார்?

ஜனவரி 20, திங்கள்

ஹவேலிகள். குமான் சந்த் பட்வா 1805-இல் தொடங்கி வைத்த வரிசையில், ஐந்து மகன்களுக்கு ஐந்து மாளிகைகள். பலகணிகளின் கல்வேலை நேர்த்திதான். ஆனாலும் எனக்குப் பிடித்தது நத்மல் ஹவேலி. இடப்பாதியை ஒரு சகோதரரும் வலப்பாதியை மற்றவரும் செதுக்கினார்களாம். உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போவதில்லை.

பம்பாய்த் துறைமுகம் வளர்ந்து வணிகம் கடல்வழிக்கு மாறியதும் ஊர் சோர்ந்தது. 1947-இல் எல்லை விழுந்ததும் சிந்துப் பாதை அடியோடு அடைபட்டது. 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் லோங்கேவாலாப் போர் நடந்ததும் இந்த மாவட்டத்தில்தான். மூன்றே ஆண்டுகளில், 1974-இல், இந்தக் கோட்டையை வைத்து சத்யஜித் ராய் எடுத்த ‘சோனார் கெல்லா’ (பொற்கோட்டை) என்ற வங்காளப் படம் வந்தது. அதன்பின் வங்காளிகளுக்கு இது ஒரு யாத்திரைத் தலம். கோட்டைச் சந்தில் கேட்கும் பேச்சில் பாதி இன்றும் வங்காளம்தான்.

ஜனவரி 21, செவ்வாய்

குல்தரா, ஆளில்லாமல் கிடக்கும் ஒரு பழைய கிராமம். பாலிவால் பிராமணர்கள் திவான் சாலிம் சிங்கின் கொடுமைக்கு அஞ்சி ஒரே இரவில் 84 கிராமங்களைக் காலி செய்தார்கள் என்பது கதை. நீர் வற்றியதே காரணம் என்ற கருத்தும் உண்டு. பேய்க்கதைதான் இங்கே அதிகம் விலைபோகிறது. எனக்கு வியப்பளித்தது அவர்களுடைய ‘கடீன்’ முறை. தாழ்வான நிலத்தின் ஓரம் நீண்ட மண்கரை எழுப்பி, ஓடிவரும் மழைநீரை நிறுத்துவார்கள். நீர் உள்ளே இறங்கியபின் அந்த ஈரத்திலேயே கோதுமை விளையும். பாலைவனத்தில் கோதுமை! வழிகாட்டி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாலை, சம் மணற்குன்றுகள். ஜீப்புகளின் உறுமலும் கூடார விடுதிகளின் ஒலிபெருக்கிகளும் சேர்ந்து, மணலைப் பார்க்கவிடாமல் செய்கின்றன. எங்கள் விடுதியில் பாடிய மாங்கணியார் பெரியவரிடம் சினிமாப் பாட்டையே கேட்டார்கள், அவரும் பாடினார். மாங்கணியார்கள் முஸ்லிம்கள், ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்புக்கும் திருமணத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் பாடி வருபவர்கள். கூட்டம் சாப்பிடப் போனபின் பெரியவர் கமாய்ச்சா என்ற நரம்பிசைக் கருவியை மடியில் வைத்து வில்லை இழுத்தார். பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டேன். ஒரு குடும்பத்தின் ஏழு தலைமுறைப் பெயர்கள் என்றார். கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டேன். அடுத்த முறை கூடாரத்துக்குக் காசு கொடுக்காமல் நேராக அவருடைய கிராமத்துக்கே வரச் சொல்லியிருக்கிறார்.