வார்டுக்குத் தரச்சான்று வாங்கிய கதை

"உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன பாட்டி?" என்று கேட்டேன். பாட்டி வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது முறை கேட்டதும், "மலைமேல் கோவணத்தோடு நிற்கிறாரே, அவர் பெயர்" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே "பழனி, சிஸ்டர்" என்று எடுத்துக்கொடுத்தார்.

அரசு வட்ட மருத்துவமனையொன்றின் பெண்கள் மருத்துவ வார்டுக்கு நான் பொறுப்புச் செவிலியர். அன்று அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு லட்சுமிகள். ஒருவருக்குச் சர்க்கரை, மற்றவருக்கு நுரையீரலில் சளிக்கட்டு. அதுவரை ஊசியோடு போய் "லட்சுமியம்மாதானே?" என்றுதான் கேட்போம். அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார், காது கேளாதவர் இன்னும் நன்றாக ஆட்டுவார். பெயரை நாம் சொல்லக் கூடாது, நோயாளி சொல்ல வேண்டும்; பெயரோடு இரண்டாவதாக இன்னொரு அடையாளமும் ஒத்துப்போக வேண்டும் என்றது புதிய முறை. இரண்டாவது அடையாளமாகக் கணவர் பெயரை வைத்தோம். அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் அது எடுபடாது என்று எங்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் மணிக்கட்டில் பட்டை கட்டி, உள்நோயாளியாகச் சேரும்போது தரும் ஐ.பி. எண்ணை எழுதினோம்.

இதெல்லாம் தொடங்கியது என்குவாஸுக்காக. அரசு மருத்துவமனைகளுக்காக 2013இல் மத்திய அரசு கொண்டுவந்த தேசியத் தர உறுதிச் சான்று அது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு தடித்த சரிபார்ப்புப் பட்டியல். ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். கண்ணால் பார்த்தும், பதிவேட்டைப் புரட்டியும், பணியாளரையும் நோயாளியையும் கேட்டும் மதிப்பெண் போடுவார்கள். மொத்தத்தில் 70 சதவீதமாவது வந்தால்தான் சான்று, அதுவும் மூன்றாண்டுகளுக்குத்தான். நாங்களே போட்டுப் பார்த்த முதல் மதிப்பீட்டில் எங்கள் வார்டு பாதியைக்கூடத் தாண்டவில்லை.

பதிவேடுகளைச் சரிசெய்வது பெரிய காரியமில்லை. இரண்டு வாரம் வீட்டுக்குத் தாமதமாகப் போனால் முடிந்துவிடும். அவசர மருந்து வண்டியைத் தினமும் சரிபார்ப்பது, குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறிப்பது, குப்பையை மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பிரிப்பது எல்லாம் பழகிவிட்டன. கை கழுவும் விஷயம்தான் படுத்தியது. கட்டிலுக்கு ஒன்றாகக் கைத்தேய்ப்பு மருந்து பாட்டில் மாட்டினோம். ஒரே வாரத்தில் பாதி காணாமல் போயின. நோயாளியைப் பார்க்க வந்த ஒருவர் அதைச் சிறு குப்பியில் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "வாசனை நன்றாக இருக்கிறதம்மா" என்றார்.

டாக்டர்கள் இன்னொரு கதை. ஒரு நோயாளியைத் தொட்ட கையோடு அடுத்தவரைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியாதா? ஐம்பது பேரைப் பார்த்து முடிக்கும் அவசரத்தில் மறந்துபோகும். அதை ஒரு செவிலியர் எடுத்துச் சொல்வது நடக்கிற காரியமா? அதனால் சொல்வதை விட்டுவிட்டோம். ரவுண்ட்ஸில் டாக்டருக்குப் பக்கத்திலேயே ஒருவர் பாட்டிலோடு நடப்பார். ஒரு கட்டில் முடிந்ததும், கோயிலில் தீர்த்தம் கொடுப்பதுபோல் நீட்டுவார். நீட்டிய பிறகு கையை நீட்டாமல் இருக்க யாராலும் முடியாது.

உண்மையில் எங்களைத் தடுமாற வைத்தது ஒரு அட்டைப்பெட்டி. நடந்த தவறையும், நடக்கவிருந்து தப்பிய தவறையும் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். முதல் மாதம் பெட்டியைத் திறந்தேன். ஒரு சீட்டுகூட இல்லை. எப்படி இருக்கும்? அச்சடித்து வந்த படிவத்தின் முதல் கட்டமே 'தவறு செய்தவர் பெயர்'. எழுத்தில் ஒன்றைக் கொடுத்தால் அது மெமோவாகத் திரும்பி வரும், முற்றினால் 17(பி) என்ற கடும் ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். தொகுப்பூதியத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கோ வேலை நிரந்தரமாகுமா என்ற பயம் வேறு. அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாமா என்று தலைமை மருத்துவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், பேனாவை எடுத்து அவரே அடித்தார்.

அப்போதும் யாரும் எழுதவில்லை. எனவே முதல் சீட்டை நானே எழுதினேன். என் பெயரோடு. ஓர் இரவு, சாப்பாடு வந்துவிடும் என்று நம்பி ஒரு சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போட்டுவிட்டேன். சாப்பாடு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. சோதித்தால் சர்க்கரை 48. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகு பிழைத்துக்கொண்டார். அதுவரை வீட்டில்கூடச் சொல்லாத கதை. டூட்டி மாற்றும் நேரத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தேன். தொண்டை அடைத்தது. அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டைக் கண்ணால் பார்த்த பிறகே இன்சுலின் என்று முடிவுசெய்தோம்.

அடுத்த வாரம் இளைய செவிலியர் ஒருவர் எழுதிய சீட்டு வந்தது. மருந்தைக் கலக்கக் காய்ச்சி வடித்த நீர் ஆம்பூலை, அதாவது சிறு குப்பியை, எடுக்கப் போனவர் கையில் வந்தது பொட்டாசியம் குளோரைடு. இரண்டும் 10 மில்லி, ஒரே உயரம், உள்ளே ஒரே மாதிரி தண்ணீர் நிறம். இரண்டும் ஒரே தட்டில். குப்பியின் கழுத்தை உடைக்கும் நொடியில் எழுத்தைப் படித்ததால் தப்பினார். பொட்டாசியத்தை நீர்க்காமல் நரம்பில் நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அந்தத் தட்டை அப்படி அடுக்கி வைத்ததே நான்தான், அதுவும் பல வருடமாக. அன்று மாலைக்குள் பொட்டாசியம் தனிப் பெட்டிக்குப் போனது. சிவப்பு ஒட்டு, பூட்டு, எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. அதற்குப் பிறகு மாதம் பத்துப் பன்னிரண்டு சீட்டுகள் வந்தன.

மதிப்பீட்டாளர்கள் வெளிமாநிலத்துக்காரர்கள். வந்ததும் எங்களை விட்டுவிட்டு, துடைப்பத்தோடு நின்ற தூய்மைப் பணியாளர் அக்காவிடம் போனார்கள். ரத்தம் சிந்தினால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியை நான்தான் மொழிபெயர்த்தேன். "கையுறை போட்டுக்கொண்டு துணியால் மூடுவேன், கிருமி கொல்லும் ஹைப்போ கரைசல் ஊற்றுவேன், பத்து நிமிடம் யாரையும் மிதிக்க விடமாட்டேன், துணியை மஞ்சள் பையில் போடுவேன்" என்று அக்கா மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "டாக்டராக இருந்தாலும் சுற்றித்தான் போக வேண்டும்" என்று சேர்த்துக்கொண்டார். அதையும் மொழிபெயர்த்தேன்.

பிறகு சீட்டுக் கோப்பைக் கேட்டார்கள். இத்தனை தவறா என்று நினைத்துவிடுவார்களோ என்று தலைமை மருத்துவர் முகம் வாடியது. மதிப்பீட்டாளர் பொட்டாசியச் சீட்டை நிதானமாகப் படித்தார். "இதன் பிறகு எதை மாற்றினீர்கள்?" என்றார். நான் அவரைப் பெட்டியிடம் அழைத்துப் போனேன். சாவி எங்கே என்றார். என் இடுப்பில் என்றேன். நீங்கள் விடுப்பில் போனால்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு 1 போட்டார். இப்போது சாவி டூட்டியில் இருப்பவரிடம் எண்ணி ஒப்படைக்கப்படுகிறது.

சில மாதங்கள் கழித்துச் சான்று வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு நுழைவாயிலில் மாட்டியிருக்கிறோம். கட்டில் தடுப்புக் கம்பிகள் இன்னும் பாதிக் கட்டில்களுக்கு வரவில்லை. எழுதிக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

போன மாதம் பெட்டியில் இரண்டே சீட்டுகள்தான். தவறு குறைந்துவிட்டது என்று மாதக் கூட்டத்தில் பாராட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் மூன்று பேரும் இன்னும் ஒரு சீட்டுகூட எழுதவில்லை. இந்த வாரம் அவர்களோடு நைட் டூட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த இன்சுலின் சீட்டின் நகலையும் பையில் வைத்திருக்கிறேன்.