பதினெட்டு மதில்களுக்கு வெளியே ஒரு தீவு

தேவி பாகவதத்தின் 12ஆம் ஸ்கந்தத்தில் 10, 11, 12 ஆகிய மூன்று அத்தியாயங்கள் ஒரே ஒரு தீவை வருணிப்பதற்காக ஒதுக்கப்பட்டுள்ளன. பிரம்மலோகத்துக்கும் மேலே, அமுதக் கடலின் நடுவே இருப்பதாகச் சொல்லப்படும் மணித்வீபம்தான் அந்தத் தீவு. கடலோரம் முழுவதும் ரத்தின மணல், அலை ஒதுக்கிய சங்குகள், பல நிறக் கொடிகளோடு வந்து போகும் மரக்கலங்கள் என்று கரையிலேயே வருணனை தொடங்கிவிடுகிறது. கரையேறியதும் வானளாவிய இரும்பு மதில் எதிர்ப்படும். அதற்குள் வெண்கலம், செம்பு, ஈயம், பித்தளை, பஞ்சலோகம், வெள்ளி, பொன் என்று உலோக மதில்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்திருக்க, அவற்றுக்கும் உள்ளே புஷ்பராகத்தில் தொடங்கி நவரத்தினத்தில் முடியும் பத்து மணி மதில்கள் இருக்கின்றன. இந்தப் பதினெட்டையும் கடந்த பிறகே, தேவி வீற்றிருக்கும் சிந்தாமணி கிருகம்.

எங்கள் பகுதியில் வெள்ளிக்கிழமை மாலைகளில் பெண்கள் கூடி இந்த மணித்வீப வர்ணனையைப் பாராயணம் செய்வது வழக்கம். உள்ளதைச் சொல்வதானால், கோமேதக மதில் வருவதற்குள் என் மனம் தளர்ந்துவிடும். ஒவ்வொரு மதிலிலும் வாயில்கள், வாயில்தோறும் காவலர்கள், உள்ளே தோட்டங்கள், தோட்டத்துக்குள் வாவிகள், அங்கங்கே குடியிருக்கும் தேவதைகளின் பெயர் வரிசை என்று படிக்கப் படிக்க, தேவி இன்னும் எவ்வளவு தொலைவில் இருக்கிறாள் என்ற ஏக்கம்தான் மிஞ்சும். இந்த ஆண்டு மதுரையில் தைத் தெப்பத் திருவிழாவை ஒட்டி அத்தையும் நானும் மேற்கொண்ட சிறிய யாத்திரையை, அந்த ஏக்கத்துக்குக் கிடைத்த பதிலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் மணித்வீபத்தைப் பார்த்து வரையப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கோயிலுக்கு ஆகமம் உண்டு. ஊருக்குத் திருவிளையாடற் புராணம் உண்டு. ஆனால் லலிதா சகஸ்ரநாமம் தேவியைச் சிந்தாமணி கிருகத்தினுள் இருப்பவள் என்றும், கடம்பவனத்தில் வசிப்பவள் என்றும், அமுதக் கடலின் நடுவில் இருப்பவள் என்றும் சில நாமங்களின் இடைவெளியிலேயே அழைத்துவிடுகிறது. கடம்பவனம் என்று காதில் விழுந்தால் மதுரைக்காரர் எவருக்கும் வேறு ஊர் நினைவுக்கு வராது. மணவூர் வணிகன் தனஞ்செயன் கடம்பங்காட்டில் இரவு தங்கியபோது தேவர்கள் சொக்கலிங்கத்தைப் பூசிப்பதைக் கண்டு குலசேகர பாண்டியனிடம் சொன்னதும், பாண்டியன் காடு திருத்தி நகரம் சமைத்ததும், இறைவன் தன் சடையிலிருக்கும் பிறையின் அமுதத்தைத் தெளித்து அந்நகரைத் தூய்மை செய்ததும் இங்கே சிறு குழந்தைகளும் அறிந்த கதைகள். கடம்பும் அமுதமும் இரண்டு இடங்களுக்கும் பொதுவாக இருக்கும்போது, பாராயணத்தில் வாயால் நடக்கும் வழியை ஒருமுறை காலால் நடந்து பார்க்கத் தோன்றியதில் வியப்பில்லை.

தெப்பத்துக்குச் சில நாட்கள் முன்பாக ஒரு மாலையில் மாசி வீதியிலிருந்து தொடங்கினோம். மாசி வீதிக்குள் ஆவணி மூல வீதி, அதற்குள் சித்திரை வீதி, கோயில் மதிலுக்குள் ஆடி வீதி என்று மாதங்களின் பெயரால் அமைந்த தெருக்களைக் கடந்தே அம்மனிடம் போக வேண்டியிருக்கிறது. மணித்வீபத்தின் முதல் மதிலைப் பற்றிப் புராணம் சொல்லும் செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. தேவியைக் காண வரும் தேவர்களின் வாகனங்களும் பரிவாரங்களும் அங்கே நெருக்கியடித்து நிற்குமாம்; விமானங்களின் மணியோசையும் குதிரைகளின் கனைப்பும், பிரம்பேந்தி நிற்கும் தேவியின் பணியாளர்கள் கூட்டத்தை விலக்கும் ஆரவாரமும் கலந்து, ஒருவர் பேசுவது அடுத்தவர் காதில் விழாதாம். வண்டி நிறுத்த இடம் தேடி, செருப்பையும் கைப்பேசியையும் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி, சோதனை வரிசையில் நின்று சித்திரை வீதியைக் கடந்தவர்கள் இதைப் படித்தால், வியாசர் நம் ஊருக்கு ஒரு முறையாவது வந்திருப்பார் என்றே எண்ணுவார்கள்.

கிழக்கே அம்மன் சந்நிதி வாயிலில் நுழைந்தால் அஷ்டசக்தி மண்டபம். மணித்வீபத்தின் வைர மதிலுக்குள்ளும் எட்டுச் சக்திகள்தாம் குடியிருக்கிறார்கள். அவர்களும் இவர்களும் பெயரால் வேறானவர்கள் என்பதால், இந்த எண் ஒற்றுமையை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை. எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் எதனோடும் பொருத்திவிடலாம். புராணம் சிந்தாமணி கிருகத்தைச் சுற்றி நான்கு ஆயிரங்கால் மண்டபங்களைச் சொல்கிறது. நம்மிடம் இருப்பது ஒன்று, அதிலும் தூண்கள் 985தான். அதைவிட என் மனத்தைத் தொட்டது, அந்த நான்கு மண்டபங்களுக்குச் சொல்லப்படும் வேலைகள்தாம். சிருங்கார மண்டபத்தில் தேவி இசை கேட்கிறாள்; முக்தி மண்டபத்தில் உயிர்களுக்கு விடுதலை தருகிறாள்; ஞான மண்டபத்தில் உபதேசிக்கிறாள்; ஏகாந்த மண்டபத்தில் மந்திரிணியோடு அமர்ந்து உலகைக் காப்பது பற்றி ஆலோசிக்கிறாள். ஸ்ரீவித்யை என்னும் தேவி வழிபாட்டு மரபில் மந்திரிணி, அதாவது தேவியின் அமைச்சர், என்றால் ராஜசியாமளை. மதுரை மீனாட்சியைச் சியாமளையின் வடிவாகவே போற்றுவோர் பலர். அப்படியானால் தீவில் அமைச்சராக அமர்ந்திருப்பவள், மதுரையில் சித்திரை மாதம் பட்டாபிஷேகம் செய்துகொண்டு தானே செங்கோல் ஏந்துகிறாள் என்றாகிறது. அன்று அம்மன் சந்நிதியில் நின்றபோது, பச்சைத் திருமேனியையும் கையில் ஏந்திய கிளியையும் கண்டு இந்த எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. தரிசனம் கிடைத்தது சில நொடிகளே என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அம்மன் சந்நிதியிலிருந்து சுவாமி சந்நிதிக்குப் போகும் வழியில் முக்குறுணி விநாயகரை வணங்கினோம். விநாயகர் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் கொழுக்கட்டை செய்து படைக்கப்படும் இந்தப் பெரிய மூர்த்தி, திருமலை நாயக்கர் காலத்தில் வண்டியூர்ப் பக்கம் மண் எடுத்தபோது பூமிக்குள்ளிருந்து கிடைத்தவர் என்பது மரபுச் செய்தி. அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய அந்தப் பள்ளமே பிறகு தெப்பக்குளமாயிற்று என்பார்கள். ஆகவே, குளம் தொலைவில் இருந்தாலும் குளத்துப் பிள்ளை கோயிலுக்குள் இருக்கிறார்.

சுவாமி கருவறையின் மேல் எழும் இந்திர விமானத்தை எட்டு யானைகள் தாங்குகின்றன. மணித்வீபத்தில் புஷ்பராக மதிலுக்குள் எட்டுத் திசைகளிலும் திசைக்காவலர்களின் ஊர்கள் இருக்கின்றன. கிழக்கே இந்திரனின் அமராவதி, தெற்கே யமனின் நகரம், வடக்கே குபேரனின் அளகாபுரி என்று சுற்றிவர ஊர்கள் அமைந்திருக்க, தத்தம் அண்டங்களை ஆளும் அத்தனை இந்திரர்களும் யமன்களும் அங்கே ஒரு வீட்டுப் பிள்ளைகள்போல் கூடியிருக்கிறார்கள். பிராகாரத்தில் பட்டுப்போன கடம்ப மரத்தின் அடிப்பகுதி பாதுகாக்கப்பட்டிருக்கும் இடத்தில் அத்தை நெடுநேரம் கைகூப்பி நின்றார். புராணத்துக் கடம்பத் தோட்டம் பொன் மதிலை ஒட்டியது. அதில் கடம்ப மலர்களின் தேன் ஆயிரம் ஆயிரம் தாரைகளாக ஒழுகிக்கொண்டிருக்கும். தோட்டத்துக்குத் தலைவன் பின்பனிப் பருவம். வசந்தம் முதல் பின்பனி வரை ஆறு பருவங்களுக்கும் அங்கே ஒவ்வொரு தோட்டம் கொடுக்கப்பட்டிருந்தாலும், கடம்பு பின்பனியின் பொறுப்பில்தான் இருக்கிறது. தைப்பூசப் பௌர்ணமி கழிந்தால் பின்பனிதான் என்பதை அங்கே நிற்கும்போது எண்ணிப் பார்த்தேன்.

தைப்பூசத்தன்று விடிவதற்குமுன் புறப்பட்டோம். முதலில் கோயிலுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குளத்துக்குப் போகலாம் என்று சொன்னதற்கு அத்தை ஒப்பவில்லை. “ஏம்மா, அவ கிளம்பிட்டாளே. சாத்திக் கிடக்கிற கதவுக்கு என்னத்துக்கு இன்னொரு கும்பிடு? நேரா தெப்பக்குளத்துக்கு வா” என்றார். அவர் சொன்னது சரிதான். தெப்பத்தன்று அம்மனும் சுவாமியும் காலையில் கோயிலிலிருந்து புறப்பட்டால், இரவு திரும்பி வந்து சேரும்வரை நடை சாத்தியிருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்களில் இது தெரியாமல் திகைத்து நிற்போர் ஆண்டுதோறும் உண்டு.

கோயிலுக்குக் கிழக்கே, கீழவாசல், காமராசர் சாலை வழியாகச் சென்றால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645இல் திருமலை நாயக்கர் அமைத்த இக்குளம் ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. அவர் பிறந்த நட்சத்திரம் தைப்பூசம் என்பதால் தெப்பம் அந்நாளில் நடக்கிறது என்பார்கள். குளத்தின் நடுவில், நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த திட்டில், மரங்களுக்கு இடையே மைய மண்டபம் எழுந்து நிற்கிறது. வடகரையில் மாரியம்மன் காவல் இருக்கிறாள். குளத்தை அடுத்து முக்தீஸ்வரர் கோயிலும், சற்றுத் தொலைவில், இந்திரனின் வெள்ளை யானை சாபம் நீங்கிய கதையோடு தொடர்புபடுத்தப்படும் ஐராவதநல்லூரும் இருக்கின்றன. மணித்வீபத்தின் ஊர்ப் பெயர்களை உதிர்த்துவிட்டுப் போனதுபோல இருக்கிறது இந்தச் சுற்றுவட்டாரம்.

குளத்தில் நீர் நிறைந்திருந்தது. இதைச் சாதாரணச் செய்தியாக மதுரைக்காரர்கள் கடந்துபோக மாட்டார்கள். வைகையில் நீர் இல்லாமலும், பனையூர்க் கால்வாய் தூர்ந்தும், குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. பிள்ளைகள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடினார்கள். தெப்பம் மிதக்க வழியின்றி நிலைத்தெப்பமாகவே விழா நடந்த ஆண்டுகளும் உண்டு. கால்வாய் சீராகி வைகை நீர் மறுபடியும் வந்த பிறகுதான் தீவு தீவாயிற்று. அமுதக் கடல் வற்றாதது என்று புராணம் எளிதாகச் சொல்லிவிடலாம். பூமியில் ஒரு கடலை வைத்துக்கொள்ள வேண்டுமானால் வாய்க்காலைத் தூர்வார வேண்டியிருக்கிறது.

அலங்கரித்த தெப்பத்தில், உடன் எழுந்தருளும் தேவியான பிரியாவிடையோடு சுவாமியும் மீனாட்சியம்மனும் எழுந்தருள, அனுப்பானடி ஊர்க்காரர்கள் கரையில் நின்று வடம் பிடித்து இழுத்தார்கள். காலையில் தெப்பம் மைய மண்டபத்தை இரு முறை வலம் வரும். பிறகு அம்மனும் சுவாமியும் மைய மண்டபத்தில் தங்கியிருப்பார்கள். இரவு விளக்கொளியில் மீண்டும் ஒரு முறை வலம். நாங்கள் நின்றது தென்கரையில். தெப்பம் திரும்பி எங்கள் பக்கம் வந்தபோது கல் மதில்மேல் ஏறி நின்றவர்களும், தோளில் பிள்ளைகளைச் சுமந்தவர்களும், படியில் உட்கார்ந்திருந்த அத்தையும் ஒரே குரலில் அழைத்தார்கள். அந்த நேரத்தில்தான் பாராயணத்தில் என்னைத் தளரச் செய்தது எது என்பது விளங்கியது. புராணத்தில் பக்தன் மதில் மதிலாகக் கடந்து தேவியை நோக்கிப் போகிறான். தைப்பூசத்தன்று தேவி தன் மதில்களையும் வீதிகளையும் ஒவ்வொன்றாகக் கடந்து வெளியே வந்து, நம் கண்ணுக்கெட்டும் ஒரு தீவில் பகல் முழுவதும் அமர்ந்திருக்கிறாள். அங்கே வாயில் இல்லை, காவலன் இல்லை, தரிசனச் சீட்டும் இல்லை. நீர் மட்டுமே இடையில் இருக்கிறது. கோயிலில் சில நொடிகளே கிடைத்த தரிசனத்தைக் குளக்கரையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பெறலாம்.

மணித்வீபத்தில் வாழ்வோருக்கு மூப்பில்லை, பிணியில்லை, பொறாமையில்லை, கோபமில்லை என்று புராணம் கூறுகிறது. தெப்பக்குளக் கரையில் இவையெல்லாம் உண்டு. இடத்துக்காக ஒரு சச்சரவும், முழங்கால் வலியும், வெயிலும் எங்களுக்கும் வாய்த்தன. பாலும் தயிரும் தேனும் கருப்பஞ்சாறும் ஆறாக ஓடும் என்று சொல்லப்படும் தீவுக்கு எதிரில், நீர்மோரும் பொங்கலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் மறுமுறை வாங்கினோம்.

அடுத்த ஆண்டு வர நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. தெப்பத்துக்கு முந்தைய நாள் அம்மனும் சுவாமியும் சிந்தாமணிக்கு எழுந்தருளி, அங்கே கதிரறுப்புத் திருவிழா நடக்கும். தேவியின் வீட்டுப் பெயரையே ஊர்ப் பெயராகக் கொண்ட அந்த இடத்தில், தெப்பத்தளவு கூட்டம் இருக்காது. வயதானவர்களை அழைத்துப்போக ஏற்ற நாள் அதுதான். தெப்பத்தன்றே வருவதானால், வெயில் ஏறுவதற்குள் காலைச் சுற்றுகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்து, மாலையில் மறுபடியும் வருவது நல்லது. அத்தை இரண்டு வேளையும் அங்கேயே இருந்தார்.