கெட்டிமேளம் இல்லாத கல்யாணம்

சிங்கப்பூரில் வார நாளில் அலுவலகம், வாரக் கடைசியில் கல்யாணப் படம். பத்து வருடமாக நான் எடுத்ததெல்லாம் நம்மவர் கல்யாணம்தான். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் மண்டபத்தில் எந்தப் பக்கம் நின்றால் தாலி கட்டும் கை மறையாது என்பது வரை தெரியும். ஐயர் விரலை ஆட்டினால் கெட்டிமேளம். கெட்டிமேளம் கேட்டால் என் விரல் தானாக அழுத்தும். அந்தத் தைரியத்தில்தான், கூட வேலை செய்யும் சீன நண்பர் தன் கல்யாணத்துக்குப் படமெடுக்கக் கூப்பிட்டபோது சரி என்றேன். அவர் தியோச்சூ, பெண் ஹொக்கியென்; இரண்டும் சீனர்களில் தனித்தனிக் கிளைமொழிப் பிரிவுகள்.

தேதியைப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் குறித்திருந்தார்கள். அவர்களுடைய ஏழாம் மாதம் பேய் மாதம், அதில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். நமக்கு ஆடி மாதிரி. அதுவும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் வருகிறது. இதுவரை எனக்கு எல்லாமே பழகியதாக இருந்தது. அப்புறம் அவர் அன்றைய நிகழ்ச்சிநிரலை அனுப்பினார். காலை ஐந்தரைக்குத் தொடங்கி இரவு பத்தரை வரை நாற்பது வரி. "இதில் தவறவே கூடாத கட்டம் எது?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "தேநீர்" என்றார். எவ்வளவு நேரம் என்றேன். "ஒரு ஆளுக்கு அரை நிமிடம். மொத்தம் முப்பது பேர்."

அதாவது முப்பது தாலி கட்டு. மேளம் கிடையாது.

யார் யாருக்கு எந்த வரிசையில் தேநீர் என்று பட்டியல் கேட்டேன். ஆங்கிலத்தில் வந்தது: அங்கிள், அங்கிள், ஆன்ட்டி, அங்கிள். ஒன்றும் புரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேட்டேன். அப்பாவின் அண்ணன் "துவா பெக்", அப்பாவின் தம்பி "ஆ சேக்", அம்மாவுடன் பிறந்தவர் "ஆ கு". அட, இது நம் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன்! ஆங்கிலம் ஒரே அங்கிளில் போட்டு மூடியதைச் சீனமும் தமிழும் தனித்தனியாக எடுத்து வைத்திருக்கின்றன. பட்டியலைத் தமிழில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று என்னைக் காப்பாற்றியது லென்ஸ் அல்ல, அந்தக் காகிதம்தான்.

விடியற்காலையில் பெண் வீட்டுக்குப் போனேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி, பன்னிரண்டாவது மாடி. கதவு, ஜன்னல், கண்ணாடி எல்லாவற்றிலும் சிவப்புக் காகிதத்தில் இரட்டை மகிழ்ச்சி எழுத்து ஒட்டியிருந்தது. எட்டு மணிக்கு மாப்பிள்ளை நண்பர்களோடு வந்தார். பெண்ணின் தோழிகள் இரும்புக் கிராதிக் கதவைப் பூட்டிவிட்டு உள்ளேயிருந்து விளையாட்டுக் காட்டினார்கள். புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் நான்கையும் மாப்பிள்ளை தரப்பு தின்று தீர்க்க வேண்டும். வாழ்க்கையில் நாலையும் சேர்ந்தே அனுபவிப்பார்களாம். எலுமிச்சம்பழத்துக்குச் சிரித்தவர் பச்சைப் பாகற்காய்த் துண்டுக்கு முகம் சுளித்தார். பாகற்காயில் எல்லா இனமும் ஒன்றுதான். அங்பாவ், அதாவது சிவப்பு உறையில் வைத்துத் தரும் பணம்; அந்தப் பேரத்தில் தோழிகள் கேட்டது 999 வெள்ளி (டாலர்). சீனத்தில் ஒன்பதும் 'நெடுங்காலம்' என்ற சொல்லும் ஒரே ஒலி என்பதால் அந்த எண். எவ்வளவுக்குப் படிந்தது என்று எனக்குத் தெரியாது. கிராதி வழியாகச் சிவப்பு உறை நீட்டிய கையும் அதைப் பிடுங்க வந்த நான்கு கைகளும் ஒரே சட்டகத்தில் கிடைத்தன. உள்ளே நின்றதால்தான் கிடைத்தன. முதல்முறை போகிறவர்கள் மாப்பிள்ளையோடு வராதீர்கள். பெண் வீட்டுக்குள் முன்பே போய்விடுங்கள்.

அடுத்ததுதான் என் சறுக்கல். பெண் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் தலைக்கு மேல் சிவப்புக் குடை விரிப்பார்கள். அதற்காக முன்னாலேயே வெளியே ஓடி, தாழ்வாரத்தில் முழங்காலிட்டுத் தயாராக இருந்தேன். பெரியம்மா குடையை விரித்தார். கேமராவில் கண் வைத்தால் ஒரே வெள்ளை. மூன்று மணி நேரம் ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த கண்ணாடி, வெளியே நம் ஊர்ப் புழுக்கம் பட்டதும் வியர்த்துவிட்டது. துடைத்தேன், மறுபடி படிந்தது. கண்ணாடி சூடேறும் வரை துடைத்துப் பயனில்லை என்று இத்தனை வருடம் எடுத்தவனுக்குத் தெரியாதா? தெரியும். கோயில் மண்டபத்தில் பெரும்பாலும் கதவு திறந்தே கிடக்கும், அதனால் மறந்துவிட்டேன். இன்னொரு முறை உள்ளே போய் வரச் சொல்ல வாயெடுத்தேன். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில் அது தொண்டையிலேயே நின்றது. கிளம்பிய பெண் திரும்பக் கூடாது என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. பனிமூட்டத்துக்குள் சிவப்பு வட்டமாக மூன்று படம் மிஞ்சியது. இப்போதெல்லாம் அரை மணி நேரம் முன்பே ஒரு கேமராவை ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டில் தேநீர். செம்பேரீச்சையும் லோங்கான் பழமும் போட்ட இனிப்புத் தேநீர். பெண் அணிந்திருந்தது குவா; சிவப்புப் பட்டில் தங்க ஜரிகையில் டிராகனும் பீனிக்ஸ் பறவையும். பட்டுப்புடவை எடுத்தவர்களுக்குத் தெரியும், ஜரிகை மீது நேராகப் பிளாஷ் அடித்தால் வேலைப்பாடு செத்து வெறும் பளபளப்புதான் தெரியும். விளக்கைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி சாய்த்துக்கொண்டேன்.

இருவரும் மெத்தையில் மண்டியிட்டு, கோப்பையை இரண்டு கையாலும் நீட்டி, உறவுமுறை சொல்லி அழைக்க வேண்டும். பெரியவர் ஒரு வாய் குடித்து, வாழ்த்தி, அங்பாவோ நகையோ கொடுப்பார். அவ்வளவுதான், அடுத்தவர். முதல் மூன்று பேருக்குக் கோப்பையையே துரத்தி ஏமாந்தேன். பிறகுதான் பிடிபட்டது: அழைக்கிற அந்தச் சொல்லுக்கு முகம் மலரும். கோப்பை அல்ல, குரல்தான் குறி. "துவா பெக்" என்றதும் பெரியப்பா நிமிர்வார், அழுத்து. காதில்தான் கெட்டிமேளம் இருந்தது, நான் கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன்.

மாமியார் பெண்ணுக்குப் பூட்டியது "சி தியன் ஜின்": சங்கிலி, பதக்கம், தோடு, வளையல் என்று நான்கு தங்கம். தியோச்சூக்காரர்களின் சீர். ஒரு கூரையின் நான்கு மூலை என்று அர்த்தம் சொல்வார்களாம். நான்கு என்ற எண்ணைச் சாவின் ஒலி என்று விருந்து மேசையில்கூடத் தவிர்க்கிற சீனர்கள், இங்கே மட்டும் நான்கைக் கழுத்திலேயே போடுகிறார்கள். கேட்டால் சிரிக்கிறார்கள்.

பாட்டியை "ஆ மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேரன் "ஆ மா" என்று அழைக்க, பின்னால் நின்ற நான் தலையாட்டிவிட்டேன். பாட்டிக்குக் கை நடுக்கம்; கோப்பையைப் பெண்ணும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சுருக்கம் விழுந்த இரண்டு கை, மருதாணி இல்லாத இரண்டு கை, நடுவே வெள்ளைக் கோப்பை. முகமே இல்லாத படம். ஆல்பத்தின் அட்டைக்கு அதைத்தான் கேட்டார்கள்.

பிறகு பெண் வீட்டுக்குத் திரும்பி அங்கேயும் தேநீர். இப்போது காகிதத்தைப் பார்க்காமலே எடுத்தேன்.

இரவு ஹோட்டலில் விருந்து. ஏழு மணி என்று அழைப்பிதழ், எட்டுக்குத்தான் மணமக்கள் உள்ளே வந்தார்கள். முப்பது மேசை, மேசைக்குப் பத்துப் பேர். ஒவ்வொரு மேசையோடும் ஒரு படம், தட்டு வருவதற்குள் நகர வேண்டும். அது வெறும் கால் வலி. ஆனால் நடுவில் உறவும் நட்பும் மேடையேறிக் கோப்பையை உயர்த்தி "யாம்ம்ம்ம்..." என்று மூச்சு உள்ளவரை இழுத்து "செங்!" என்று முடிப்பார்கள், மூன்று முறை. முதல் முறை "செங்" வந்தபோது அழுத்தி, எல்லாரும் குனிந்து குடிக்கும் படம் கிடைத்தது. இரண்டாம் முறை இழுப்பின் நடுவிலேயே அழுத்தினேன்: கழுத்து நரம்பு புடைக்க மாப்பிள்ளையின் ஆ சேக், பக்கத்தில் வாயைப் பொத்திச் சிரிக்கும் பெண். மூன்றாம் முறை கேமராவைத் தாழ்த்திவிட்டு நானும் சேர்ந்து கத்தினேன்.

கிளம்பும்போது மாமியார் இரண்டு கையாலும் ஒரு அங்பாவ் கொடுத்தார், பேசிய கூலிக்கு மேல். வீட்டில் பிரித்தேன். 28 வெள்ளி. குடைப் படம் மூன்றையும் மறுநாளே நண்பருக்கு அனுப்பி, நடந்ததைச் சொன்னேன். "ஒன்று கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, மூன்றும் கலங்கலா?" என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிப்பு.