ஆஃப்சைடு யார் கணக்கில்?

நாளிதழின் விளையாட்டுப் பிரிவில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குக் கண் ஒரு மாதிரி பழகிவிடும். ஏஜென்சியிலிருந்து கால்பந்துச் செய்தி வந்ததும் முதலில் தேடுவது கோல் அடித்தவர் பெயர். அடுத்து சிவப்பு அட்டை, அப்புறம் மேனேஜர் என்ன சொன்னார் என்பது. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து இடம் குறைந்தால், கத்தரி முதலில் விழுவது கோல் விழாமல் தடுக்கும் டிஃபெண்டரைப் பற்றிய வரியில்தான். மறுநாள் அதைக் கேட்டு ஒரு வாசகர்கூட போன் செய்ய மாட்டார்.

அந்த வரிகளில் அடிக்கடி வந்துபோன ஒரு பெயர் சுன் ஜிஹாய். சீனாவின் தாலியன் நகரத்துக்காரர், 1977இல் பிறந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் தொடர்ந்து 55 லீக் ஆட்டங்களில் தோற்காத தாலியன் வாண்டா அணியில் வளர்ந்தவர். 1998இல் லண்டனின் கிறிஸ்டல் பேலஸ் அணி அவரையும் ஷாங்காயின் ஃபான் ஜியீயையும் சேர்த்தே வாங்கியது. அங்கே மேனேஜர் டெர்ரி வெனபிள்ஸ். வாங்கிய கொஞ்ச நாளில் கிளப்பே கடனில் மூழ்கி, திவால் நிலையைக் கவனிக்கும் நிர்வாகியின் கைக்குப் போனது. சுன் ஊர் திரும்பினார். ஃபான் 2001 வரை அங்கேயே தாக்குப்பிடித்தார்.

ஃபானும் டிஃபெண்டர்தான். ஆனால் 1995இல் ஷாங்காய் ஷென்ஹுவா அவரை முன்வரிசையில் இறக்கிவிட, 15 கோல் போட்டு லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார். அணியும் பட்டம் வென்றது. 2001இல் ஆசியாவின் சிறந்த வீரர் விருதும் வாங்கியவர் என்பதால் அவர் பெயரை யாரும் வெட்ட மாட்டார்கள். சுன்னுக்கு அந்த வசதி கிடையாது.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வலது பக்கத் தடுப்பு. பந்து மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும். இவர் தன் ஓரத்தை விட்டு நடுப்பக்கம் நகர்ந்து வர வேண்டும். எதிரணியின் விங்கர், அதாவது ஓரமாக ஓடி வந்து தாக்குகிறவன், இவர் முதுகுக்குப் பின்னால் நிற்பான். பந்தையே பார்த்தால் ஆளை விட்டுவிடுவோம், ஆளையே பார்த்தால் பந்து எப்போது கிளம்பியது என்று தெரியாது. அதனால் உடம்பை அரைவாசி திருப்பி வைத்துக்கொண்டு, தோளுக்கு மேலாகத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். பந்து உதைபடுவதற்கு ஒரு நொடி முன்னால் தடுப்பு வரிசையின் மற்ற மூவரோடு சேர்ந்து ஓரடி முன்னேறினால் போதும், எதிரணி ஃபார்வர்டு அந்த வரிசையைத் தாண்டி கோலுக்குக் கிட்டே நிற்கிறவன் ஆகிவிடுவான்; அதுதான் ஆஃப்சைடு, லைன்ஸ்மேன் கொடி தூக்கிவிடுவார். சரி, இது யார் கணக்கில் போகும்? முன்னால் ஓடிய ஃபார்வர்டின் பெயரில் 'ஆஃப்சைடு' என்று பதிவாகும். பொறி வைத்த நாலு பேருக்கும் ஸ்கோர் அட்டையில் இடமில்லை. ஒழுங்காகச் செய்த வேலை இன்னொருவன் தவறாகவே பதிவாகும் தொழில் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

2002 பிப்ரவரியில் மான்செஸ்டர் சிட்டி அவரை வாங்கியது. விலை சுமார் 20 லட்சம் பவுண்டு. அப்போது சிட்டி பிரீமியர் லீக்குக்கு அடுத்த இரண்டாம் நிலையில் இருந்த அணி; அந்த சீசன் முடிவில்தான் மேலே ஏறியது. கெவின் கீகன் மேனேஜர். இங்கேதான் அவருக்கு ஒரு கூடுதல் சுமை. சீன வீரர் என்றாலே 'ஜெர்சி விற்க வந்தவர்' என்ற முணுமுணுப்பு இங்கிலாந்தில் இருந்தது. அது முழுக்க அநியாயம் என்றும் சொல்ல முடியாது. எவர்ட்டன் அணியின் ஜெர்சியில் கெஜியான் என்ற சீன போன் கம்பெனி விளம்பரம் இருந்த பருவத்தில்தான் இன்னொரு சீன வீரர் லி டியே அங்கே ஆட வந்தார். 2003 புத்தாண்டு அன்று எவர்ட்டனும் சிட்டியும் மோதி 2-2 என்று முடிந்த ஆட்டத்தைச் சீனாவில் கோடிக்கணக்கானவர்கள் டிவியில் பார்த்ததாகச் செய்தி வந்தது. அந்தக் கூட்டத்தின் அளவுதான் எங்களுக்கு வந்த தலைப்பு. சுன்னும் லியும் எப்படி ஆடினார்கள் என்பது எங்கோ கீழே கிடந்தது.

2002 உலகக் கோப்பையும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. சீனா முதன்முறையாகத் தகுதி பெற்ற போட்டி அது. கோஸ்டாரிகாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, முதல் பாதியிலேயே காயம்பட்டு வெளியேறினார். அப்போது யாரும் கோல் அடித்திருக்கவில்லை. மூன்று ஆட்டம் முடிந்தபோது சீனா வாங்கியிருந்தது ஒன்பது கோல், போட்டது பூஜ்யம்.

அதே ஆண்டு அக்டோபரில் பர்மிங்ஹாம் அணிக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். பிரீமியர் லீக்கில் ஒரு சீனர் அடித்த முதல் கோல். அவரைப் பற்றி இன்றைக்கு எங்கே தேடினாலும் முதலில் நிற்பது இந்த வரிதான். சிட்டிக்காக 130 லீக் ஆட்டங்கள் ஆடியவருக்கு அங்கே மொத்தம் மூன்று கோல்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2004 அக்டோபர் ஆட்டம். எதிரில் ஜோஸே மொரீனியோ மேனேஜராக இருந்த செல்சி. அந்த சீசன் முழுவதும் லீக்கில் செல்சி தோற்ற ஒரே ஆட்டம் அது. ஃபார்வர்டு அனெல்காவின் பெனால்டியில் சிட்டி 1-0 என்று வென்றது. எல்லாருக்கும் அனெல்கா நினைவிருக்கும். அதே ஆட்டத்தில்தான் சுன்னின் முழங்கால் தசைநார் கிழிந்து, மிச்ச சீசனே போயிற்று.

முழங்கால் போன டிஃபெண்டரை, அதுவும் ஜெர்சி விற்க வந்தவர் என்று பேசப்பட்டவரை, கைகழுவ அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. சிட்டி கைகழுவவில்லை. 2005இல் கீகன் போய் ஸ்டூவர்ட் பியர்ஸ் மேனேஜரானார். பியர்ஸ் இங்கிலாந்தின் பெயர்பெற்ற இடது பக்க டிஃபெண்டர். சுன் வந்து சேர்ந்தபோது அதே சிட்டி அணியின் கேப்டன். அதாவது ஒரே தடுப்பு வரிசையில் கூட நின்று வேலை பார்த்த மனிதர். சுன் எப்போது திரும்பிப் பார்ப்பார், எப்போது முன்னே நகர்வார் என்பதை மைதானத்துக்குள்ளிருந்து பார்த்தவர். அவர் இவரை வைத்துக்கொண்டார் என்பதை எந்தக் கோல் கணக்கைவிடவும் பெரிய சான்றிதழாக எடுத்துக்கொள்வேன். எங்கள் டெஸ்க்கிலும் அப்படித்தான். யார் வேலைக்காரர் என்பது பக்கத்து நாற்காலிக்குத் தெரியும், ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்துக்குத் தெரியாது. பியர்ஸுக்கு அடுத்து வந்த மேனேஜர் எரிக்சனும் சுன்னை ஆடவைத்தார்.

2008 கோடையில் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குப் போனார். அவர் கிளம்பிய சில வாரங்களில், செப்டம்பர் பிறந்ததும் சிட்டியை வாங்கிய புது முதலாளிகளின் அபுதாபி பணம் உள்ளே வந்தது. வரிசையில் நின்று நம் முறை வரும்போது கவுண்டரை மூடிவிடுவார்களே, அந்தக் கதை.

2015 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மான்செஸ்டருக்கு வந்தபோது, இங்கிலாந்து கால்பந்தின் புகழ் மண்டபத்தில் சுன்னின் பெயரைச் சேர்த்தார்கள். இவருக்கா என்று இங்கிலாந்து ரசிகர்கள் பலர் கேலி செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சிட்டியின் தாய் நிறுவனத்தில் 13 சதவீதப் பங்கைச் சீன முதலீட்டாளர்கள் 40 கோடி டாலருக்கு வாங்கினார்கள். கேலிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆறு வருஷம் ஓடி ஓடி அழித்த 'ஜெர்சி விற்க வந்தவர்' பட்டத்தை, கௌரவம் என்ற பெயரில் ஒரே நாளில் திரும்ப ஒட்டிவிட்டார்கள். விருது கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த நாள் தேர்வு அவருக்கு உதவவில்லை என்பதே என் எண்ணம்.

அந்த விழா நடந்தபோது அவர் ஓய்வு பெற்றிருக்கவில்லை. 38 வயதில் சீன லீக்கில் சோங்சிங் லிஃபான் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் பெய்ஜிங் ரென்ஹேக்காக இரண்டாம் டிவிஷனில் இறங்கினார்.