டபிள்யூவும் ஆரும் சேர்ந்து வரும் சொற்கள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மேல்தளத்தில் வசிக்கும் ஒரு மாணவி, சாதாரண தரப் பரீட்சைக்காக வாரத்தில் இரண்டு மாலைகள் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறாள். சென்ற மாதம் அவள் கொண்டுவந்த கொப்பியில் ஆங்கிலச் சொற்கள் அகரவரிசையில் நிரப்பப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரேயொரு தமிழ்ச் சொல் குறிக்கப்பட்டிருந்தது. டபிள்யூ எழுத்துக்குரிய பக்கத்தில் ‘ரிஸ்ட்’ மணிக்கட்டு, ‘ரிங்கிள்’ சுருக்கம், ‘ரோங்’ பிழை என்று எழுதியிருந்தவள், “ரீச்சர், சத்தமே வராத டபிள்யூவை ஏன் முன்னுக்கு எழுதவேணும்?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. பழைய ஆங்கிலத்தில் அந்த எழுத்து ஊமையாக இருக்கவில்லை. டபிள்யூவும் ஆரும் இரண்டுமே வாயில் ஒலித்தன. 1476இல் வில்லியம் கக்ஸ்ரன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவிய பின்னர், அச்சில் வந்த எழுத்து வழக்கங்கள் மெல்ல மெல்ல இறுகத் தொடங்கின; பேச்சோ தன் போக்கில் மாறிக்கொண்டே சென்று, 17ஆம் நூற்றாண்டளவில் அந்த டபிள்யூவை உதிர்த்துவிட்டது. ஒலி போன பின்பும் எழுத்து மட்டும் தாளில் தங்கிவிட்டது.

ஆயினும், தங்கிய எழுத்து வீணாகத் தங்கவில்லை என்பதைத்தான் அன்று அவளுக்குக் காட்ட விரும்பினேன். இவ்விரு எழுத்துகளோடு தொடங்கும் சொற்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் முறுக்குதல், திருகுதல், வளைதல் என்ற பொருள் உள்ளே கிடப்பது தெரியும். ‘ரிங்’ என்பது ஈரத் துணியை முறுக்கிப் பிழிதல். டபிள்யூ இல்லாவிடில் அது மோதிரமாகிவிடும். ‘ரிஸ்ட்’ என்பது கை திரும்பும் மூட்டு. ‘ரெஸில்’ என்பது ஒருவரையொருவர் பற்றித் திருகி மல்லுக்கட்டுதல். ‘ரெஞ்ச்’ திருகி இழுத்தல். ‘ரைத்’ வலியால் நெளிதல். ‘ரிங்கிள்’ தோலிலோ துணியிலோ விழும் சுருக்கம். பொரளை கனத்தை மயானத்தை அண்டிய பூக்கடைகளில் நாம் வாங்கும் மலர்வளையம் ‘ரீத்’. தழைகளையும் பூக்களையும் வளைத்துக் கட்டுவதால் வந்த பெயர் அது.

இவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது ‘ரோங்’. பிழை என்ற ஒற்றைச் சொல்லோடு நாம் கடந்துபோகும் இச்சொல், ஸ்கண்டிநேவிய மக்கள் முன்பு பேசிய பண்டைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது கோணலானது, வளைந்தது என்றே பொருள் தந்தது. அதற்கு எதிரான, டபிள்யூ இல்லாத ‘ரைட்’ என்பதன் பழம்பொருள் நேரானது. இதைச் சொன்னதும் நான் வேறெதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேர் என்பதிலிருந்து நேர்மை பிறந்ததையும், நல்லாட்சி செங்கோலாகவும் தீய ஆட்சி வளைந்த கோலாகிய கொடுங்கோலாகவும் சொல்லப்படுவதையும் தமிழ்ப் பாடத்தில் படித்த பிள்ளை அவள். வளைவைப் பிழையாகவும் நேரை அறமாகவும் கண்ட மனம் இரு மொழிகளிலும் இருந்திருக்கிறது.

எல்லாச் சொல்லும் இக்குடும்பத்தில் அடங்கிவிடாது. அதை மறைப்பது நேர்மையாகாது. எழுதுதலைக் குறிக்கும் ‘ரைட்’ முதலில் கீறுதல் என்ற பொருளில் வழங்கியது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய நமக்கு அது அந்நியமன்று, ஆனால் முறுக்குதலோடு அதற்கு உறவில்லை. சிதைந்த கப்பலைச் சுட்டும் ‘ரெக்’ என்பதும் வேறு வழியில் வந்தது.

இவ்வாறு ஒரு சொல்லின் தொடக்க ஒலிகளே ஒரு பொருட்சாயலைச் சுமந்து நிற்பதை ஆராய்ந்த ஜே. ஆர். ஃபர்த் என்ற பிரித்தானிய மொழியியலாளர், 1930இல் அதற்கெனத் தனிக் கலைச்சொல்லையே உருவாக்கினார். ஜீயும் எல்லும் சேர்ந்தால் ஒளி வரும்: ‘க்ளோ’, ‘க்ளிட்டர்’, ‘க்ளீம்’. மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘க்ளாட்’ கூடப் பழைய ஆங்கிலத்தில் ஒளிர்வது என்ற பொருளுடையது. எஸ்ஸும் என்னும் சேர்ந்தால் மூக்கு வரும்: ‘ஸ்னிஃப்’ மோந்து பார்த்தல், ‘ஸ்னோர்ட்’ மூக்கால் சீறுதல், ‘ஸ்னோர்’ குறட்டை. தும்மலுக்குரிய ‘ஸ்னீஸ்’ ஆதியில் எஃப்பும் என்னுமாகத் தொடங்கிய சொல். அந்தச் சேர்க்கை வழக்கொழிந்தபோது அது மூக்குச் சொற்களின் வரிசையில் வந்து சேர்ந்துகொண்டது. தமிழில் மூக்கு, மூச்சு, மோப்பம், முகர்தல் ஆகியவை மகரத்தில் கூடி நிற்பதையும், சுழல், சுற்று, சுருள், சுருக்கம், சுழி ஆகியவை சுகரத்தில் கூடி நிற்பதையும் எண்ணும்போது, ஆங்கிலத்தின் இந்த வழக்கம் நம் காதுக்குப் புதியதாகத் தோன்றாது.

ஐந்நூறு சொற்களை அகரவரிசையில் மனனம் செய்யும்படி கொடுப்பதை நான் விரும்பாததற்குக் காரணம் இதுவே. பரீட்சை முடிந்த மறுவாரம் அவை மறந்துபோகும். உறவோடு படித்த பத்துச் சொற்கள் மறப்பதில்லை.

நேற்று கேயும் என்னும் சேர்ந்து வரும் சொற்களை எடுத்தோம். இங்கும் முதலெழுத்து ஊமை. ஜெர்மன் மொழியிலோ அது இன்றும் ஒலிக்கிறது. ‘நொப்’ குமிழ், ‘நொட்’ முடிச்சு, ‘நீ’ முழங்கால், ‘நக்கிள்’ விரல் கணுவாகிய மொழி என எல்லாமே புடைத்துத் திரண்டவை. ‘நக்கிள்’ என்றதும் கையை முட்டியாக மடக்கிப் பார்த்துவிட்டு, நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு ஏன் அப்பெயர் என்று அவளே சொன்னாள். பின்னர் கொப்பியில் தமிழ்ப் பக்கத்தை நிரப்பியவள், முடிச்சு, முழங்கால், முட்டி, மூட்டு, மொழி, மொட்டு என்று எழுதிக்கொண்டே போய், பேனையை நிறுத்தி, மகரங்களின் கீழே ஒவ்வொன்றாகக் கோடிடத் தொடங்கினாள்.