பின்கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டலாமா: களியக்காவிளை ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு ஒரு கணக்கு

குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் இருந்து காலையில் திருவனந்தபுரம் போய் சாயங்காலம் திரும்புகிற வண்டியில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ரோடு வடமேற்காகப் போகிறது. காலை வெயில் கிழக்கே. அதாவது வலப்பக்கப் பின்கதவிலும் பின்கண்ணாடியிலும். சாயங்காலம் வண்டி தென்கிழக்காகத் திரும்பி வருகிறது, சூரியன் மேற்கே போயிருக்கிறான். மறுபடியும் அதே வலப்பக்கப் பின்கதவு, அதே பின்கண்ணாடி. இந்த ரூட்டில் தினமும் ஓடுகிற வண்டியில் பின்சீட்டின் வலது மூலையில் உட்காருகிற ஆளுக்கு இரண்டு நேரமும் பிடரியில் வெயில்தான். பின்கண்ணாடிக்குக் கூலிங் ஸ்டிக்கர் ஒட்டலாமா என்ற கேள்வி நம்ம ஊரில் இவ்வளவு அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், வளைகுடாவில் கறுப்புக் கண்ணாடி வண்டி ஓட்டிப் பழகி வந்தவர்கள் இங்கே நிறைய.

ஒட்டலாமா என்பதற்கு முதலில் சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100 சொல்வது இது: முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50. இதைக் கவனமாகப் படியுங்கள். பின்னாடிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நாம் அதிகமாகக் கறுப்படிக்க நினைக்கிற கண்ணாடிக்குத்தான் பக்கக் கண்ணாடியைவிடக் கடுமையான அளவு. சில வெளிநாடுகளில் டிரைவர் கதவுக்குப் பின்னால் எவ்வளவு கறுப்பும் அடிக்கலாம். அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே கடைக்குப் போவதுதான் முதல் தப்பு.

2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. எந்தச் சதவீதமானாலும் கண்ணாடி மேல் கறுப்பு பிலிமோ வேறு பொருளோ ஒட்டக்கூடாது என்று தடை போட்டது. கம்பெனியிலேயே சாயம் கலந்து வார்த்த கண்ணாடி, 70, 50 அளவுக்குள் இருந்தால் சரி. பிறகு 2021 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடிக்கும் விதியில் இடம் வந்தது. அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70, 50 அளவைக் காப்பாற்றுகிற பிலிமுக்கு அபராதம் போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டுப் பக்கம் இன்னும் கறுப்பு ஸ்டிக்கரைப் பார்த்தால் நிறுத்தி அபராதம்தான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 177-ன்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 1500 வரை. ஆக மாநில எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் ஒரு பேச்சு, இந்தப் பக்கம் ஒரு பேச்சு. கேரளத் தீர்ப்பின் பிரிண்டை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்துத் தக்கலையில் வாதாடுவதில் பிரயோஜனம் இல்லை.

ஆனால் பின்கண்ணாடியைப் பொறுத்தவரை இந்தச் சண்டையே தேவையில்லை. கணக்கைப் போட்டாலே முடிந்துவிடும்.

பிலிம் பாக்கெட்டில் 70 என்று போட்டிருப்பது பிலிமின் அளவு மட்டும். உங்கள் கண்ணாடியும் சும்மா இல்லை. இப்போது வருகிற லேசான பச்சைச் சாயக் கண்ணாடி, தானே 75, 80 சதவீதம் போலத்தான் வெளிச்சம் விடும். இரண்டையும் பெருக்க வேண்டும். கண்ணாடி 80, பிலிம் 70 என்றால் மிச்சம் 56. பக்கக் கண்ணாடிக்கு அது தேறும், பின்கண்ணாடிக்குத் தேறாது. பின்கண்ணாடியில் மொத்தம் 70 வர வேண்டுமானால் 80 சதவீதக் கண்ணாடிக்கு மேல் 88 சதவீத பிலிம் வேண்டும். கண்ணாடி 75 என்றால் பிலிம் 94 இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பிலிமைக் கறுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஒட்டியிருப்பதே தெரியாது. '70 பிலிம், லீகல் சார்' என்று கடையில் சொல்வது அரைக் கணக்கு.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு வெப்பத்துக்கு வருவோம். சூரியனில் இருந்து வருகிற வெப்பத்தில் பாதி அளவு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம். மீதி கொஞ்சம் புற ஊதா. கறுப்பாக இருப்பதாலேயே வெப்பத்தைத் தடுக்கும் என்று கிடையாது. மலிவான சாய பிலிம் வெயிலைத் தடுக்காது, குடிக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு அப்படி ஒட்டின பின்கண்ணாடியின் உள்பக்கம் புறங்கையை வைத்துப் பாருங்கள், தோசைக்கல் ஆறுகிற சூடு இருக்கும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு வண்டிக்குள்ளேதான் இறங்குகிறது. இரண்டு மூன்று வருஷத்தில் சாயம் வெளுத்து கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். கத்தரிப்பூ நிறத்தில் பின்கண்ணாடி தெரிகிற பழைய வண்டிகளை நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு அரைமணி நேரம் நின்றாலே எண்ணலாம்.

செராமிக் பிலிம் வேறு சாதி. நிறமே இல்லாமல் அகச்சிவப்பைத் தடுக்கும். விலை பல மடங்கு. வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய எண் 'டிஎஸ்இஆர்', அதாவது மொத்த சூரிய வெப்பத்தில் எத்தனை சதவீதத்தைத் தள்ளுகிறது என்பது. கடைக்காரர் காட்டுவது 'ஐஆர் 95 சதவீதம்' என்ற, அகச்சிவப்பை மட்டும் சொல்கிற எண்ணை. இரண்டும் ஒன்றல்ல. ஐஆர் எண்ணை ஒரு குறுகிய அலைவரிசையில் மட்டும் அளந்து போடுகிற பழக்கம் உண்டு. கடையில் ஒரு சிவப்பு பல்பைப் போட்டு, நடுவில் பிலிமைப் பிடித்து, கையை வைக்கச் சொல்வார்கள். சூடே தெரியாது, ஆச்சரியமாக இருக்கும். அந்த பல்பு கக்குவது பெரும்பாலும் அகச்சிவப்பு, அதனால் தெரியவில்லை. சூரியன் அந்த பல்பு இல்லை. தெளிவான செராமிக் பிலிம், வெளிச்சத்தோடு வருகிற அந்த நாற்பது சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். பிலிமைக் கடை வாசலில் வெயிலில் பிடித்துப் பார்ப்பதுதான் நேர்மையான சோதனை.

இன்னொன்று. குமரி மாவட்டம் எட்டு டிகிரி அட்சரேகையை ஒட்டிக் கிடக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியான வெயில் நேரே உச்சந்தலையில். அந்த நேரத்தில் வண்டி கொதிப்பது கூரையாலும் சரிந்து கிடக்கிற முன்கண்ணாடியாலும். செங்குத்தாக நிற்கிற ஹேட்ச்பேக் பின்கண்ணாடியின் பங்கு சின்னது. செடானில் பின்கண்ணாடி படுத்துக்கிடக்கும், அளவும் பெரிசு, அதனால் அங்கே கொஞ்சம் பிரயோஜனம் உண்டு. நிறுத்திவைத்த வண்டிக்கு முன்கண்ணாடியில் ஒரு வெள்ளி மடக்குத் திரை போடுவது பின்கண்ணாடி பிலிமைவிட அதிகம் உதவும். ஏறும்போது எதிர்ப்பக்கப் பின்ஜன்னலை இறக்கிவிட்டு டிரைவர் கதவை நாலைந்து தடவை வீசித் திறந்து மூடினால் சூட்டுக்காற்று வெளியே போய்விடும். ஏசியை முதல் நிமிடம் வெளிக்காற்றில் ஓட்டி, பிறகு உள்சுழற்சிக்கு மாற்றுங்கள். இதற்கெல்லாம் காசு இல்லை.

கறுப்புப் பின்கண்ணாடியால் லாபமே இல்லையா என்றால், உண்டு. பின்சீட்டில் வைத்த பை வெளியே தெரியாது. டிக்கி மேல்தட்டும் சீட் துணியும் சீக்கிரம் வெளுக்காது. முன்கண்ணாடியில் இரண்டு தகட்டுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் படலம் புற ஊதாவை ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். பின்கண்ணாடி ஒற்றைத் தகடு, அந்த வசதி அதில் இல்லை. ஆனால் நல்ல தெளிவான பிலிமே புற ஊதாவை 99 சதவீதம் தடுக்கும், அதற்குக் கறுப்பு வேண்டாம். பின்னால் வருகிற லாரியின் ஹைபீம் கண்ணில் அடிக்காது என்பார்கள். டிரைவர் பின்னால் பார்க்கிற உள்கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்ன லீவர் தொங்குகிறதே, அதை இழுத்தால் அதே வேலை நடக்கும். வெளிக்கண்ணாடிகளில் அடிக்கிற வெளிச்சத்துக்கோ பின்கண்ணாடி பிலிமால் ஒன்றும் ஆகாது.

நஷ்டம் இரவில் தெரியும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு ஒற்றைத் தடத்தில் எதிரே பஸ் வந்து, நீங்கள் ரிவர்ஸ் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். தெருவிளக்கு கிடையாது. ரிவர்ஸ் விளக்கு மினுக்கென்று ஒரு சின்ன பல்பு. 30 சதவீத வெளிச்சமே விடுகிற பிலிம் ஒட்டின கண்ணாடி வழியே தோட்டத்தின் ஓரக் கல்லும் தெரியாது, ஓரத்தில் நிற்கிற ஆளும் தெரியாது. அதோடு மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். ரிவர்ஸ் கேமரா வெளியே இருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை, ஆனால் லென்ஸில் ஒரு சேற்றுத் துளி விழுந்தால் அதுவும் போச்சு. பின்கண்ணாடிக்கு உள்ளே மாட்டுகிற டேஷ்கேம், அதாவது ரோட்டைப் படம்பிடிக்கிற கேமரா, வைத்திருப்பவர்களுக்கு இரவுப் பதிவில் நம்பர் பிளேட் வராது. கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: முட்டம், குளச்சல் பக்கம் ராத்திரி நிறுத்தின வண்டியில் காலையில் உப்புப் படலம் பூத்திருக்கும். சாதாரணக் கண்ணாடியில் அது மங்கல். கறுப்புக்கு மேல் அது திரை.

யாரும் யோசிக்காத ஒன்று மூன்றாவது பிரேக் விளக்கு. பல செடான்களில் அது பின்கண்ணாடிக்கு உள்ளே, மேல்தட்டிலோ கூரையோரத்திலோ இருக்கும். அதன் மேலேயே பிலிமை இழுத்து ஒட்டிவிடுவார்கள். பின்னால் வருகிறவனுக்குப் பகலில் அந்த விளக்கு எரிவதே தெரியாது. ஒட்டுகிறவரிடம் சொல்லி அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். ரேடியோ ஆன்டெனாவைப் பின்கண்ணாடியிலேயே அச்சடித்த வண்டி என்றால் உலோகத்தூள் கலந்த பிலிம் வேண்டாம், சிக்னல் மங்கும்.

தெளிவான பிலிமே ஒட்டப் போகிறீர்கள் என்றால் வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பின்கண்ணாடி வளைவு. தட்டையான பிலிம் அதில் அப்படியே உட்காராது. முதலில் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பிலிமை விரித்து, சூட்டுக்காற்று ஊதுகிற ஹீட் கன்னால் சுருக்கி, வளைவைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் எடுத்து உள்ளே ஒட்ட வேண்டும். பிலிம், ரோலின் நீளவாக்கில்தான் நன்றாகச் சுருங்கும். அதனால் ரோலின் நீளம் கண்ணாடியின் குறுக்கே, இடமிருந்து வலம் வருமாறு வெட்டினால் மேலும் கீழும் எழுகிற மடிப்புகள் அடங்கும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்தால் பின்கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே தெளிக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலைந்து சொட்டு பேபி ஷாம்பு போதும். கூடினால் பசை பிடிக்காது.

ஓரத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளிப் பட்டைதான் எல்லாரும் தோற்கிற இடம். புள்ளிகள் கண்ணாடியைவிட மேடு. பிலிம் அதன் மேல் கூடாரம் போல நிற்கும், வெளியே இருந்து பார்த்தால் சாம்பல் கோடு தெரியும். ஹார்டு கார்டு என்கிற கெட்டி பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தித் தேய்த்தால் குறையும், முழுசாகப் போகாது. அதைக் கடைக்காரரின் குற்றம் என்று சண்டை போடாதீர்கள். முதல் வாரத்தில் நடுவில் தெரிகிற தண்ணீர்க் கொப்புளங்கள் தானாகக் காயும். நடுவில் ஒரு தூசிப் புள்ளியோடு இருக்கிற கொப்புளம் காயவே காயாது, அதைக் காட்டித் திருப்பி ஒட்டச் சொல்லலாம்.

நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனிலோ அக்டோபரிலோ ஒட்டினால் ஈரம் காய இரண்டு மூன்று வாரம் இழுக்கும். ஜனவரியில் இருந்து மார்ச் வரைதான் சரியான காலம், நல்ல வெயிலில் ஒரு வாரத்தில் பிடித்துவிடும். அதுவரை, பின்கண்ணாடியைச் சூடாக்கிப் பனியைக் கலைக்கிற டிஃபாகரின் சுவிட்சைத் தொட வேண்டாம். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பிலிமுக்கு எப்போதுமே ஆகாது, ஈரத்துணியே போதும்.

பழைய பிலிமைக் கழற்றும்போதுதான் பெரிய சேதம் நடக்கிறது. பின்கண்ணாடியின் உள்பக்கத்தில் ஓடுகிற மெல்லிய பழுப்புக் கோடுகள் டிஃபாகரின் வெப்பக்கோடுகள், வெள்ளிக் கலவையால் அச்சடித்தவை. பிளேடை வைத்துச் சுரண்டினால் ஒரே இழுப்பில் போய்விடும். நீராவி காட்டி, ஒரு மூலையில் இருந்து, கோடுகள் ஓடுகிற திசையிலேயே மெதுவாக உரிக்க வேண்டும், குறுக்கே அல்ல. மிச்சப் பசையை சோப்புத் தண்ணீரும் துணியும் வைத்து எடுங்கள். நேரம் பிடிக்கும், அவசரப்படுகிற கடையில் கொடுக்காதீர்கள்.

உரித்த பிறகு கண்ணாடியில் வாயால் ஊதிப் பனிபடியவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு டிஃபாகரைப் போடுங்கள். எந்தக் கோட்டைச் சுற்றிப் பனி கலையவில்லையோ அந்தக் கோடு அறுந்திருக்கிறது. எங்கே அறுந்தது என்று பார்க்க மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பாடியில் பிடித்து, சிவப்பு முனையை அந்தக் கோட்டில் மெதுவாக நகர்த்துங்கள். நல்ல கோட்டில் 12 வோல்ட்டில் இருந்து படிப்படியாக இறங்கும். அறுந்த கோட்டில் ஒரே இடத்தில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். அந்த இடத்தின் மேலும் கீழும் டேப் ஒட்டி, நடுவில் கோட்டின் அகலத்துக்கு மின்கடத்தும் வெள்ளிப் பெயின்ட்டைத் தடவி, டேப்பை எடுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகு சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்.