ஊன்றிய கால்

2024 ஜனவரி 9

எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. வலது முட்டி. ஜவ்வு முழுசாக அறுந்திருக்கிறது, கூடவே மெனிஸ்கஸும், முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு, கிழிந்திருக்கிறது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சாய்வாக ஒரு கறுப்புக் கோடு இறங்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கலங்கல். புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆட்டோவில் அம்மா பேசவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், “இடது காலை முதல்ல வை” என்றாள்.

ஜனவரி 11

பரதநாட்டிய மேடையில் முட்டிக்குள் கேட்ட அந்தச் சத்தம். மிருதங்கம் அண்ணாவுக்கும் கேட்டதாம். நனைந்த கயிறு அறுந்த மாதிரி இருந்தது என்றார். ஜதியை முடிக்கிற தீர்மானத்தில் கடைசி சுற்று. குதித்து இறங்கினேன், பாதம் கம்பளத்தில் பிடித்துக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. யாரும் மோதவில்லை. எதுவும் தடுக்கவில்லை. ஏழு வயதிலிருந்து செய்கிற அடவு.

கம்பளத்துக்கு அடியில் வெறும் சிமெண்ட். ஓரத்தில் மடிப்பு வேறு. காலையிலேயே பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. சீசன் நேரத்தில் கிடைத்த மேடை, இதையெல்லாமா சொல்லிக்கொண்டிருப்பது என்று இருந்துவிட்டேன்.

ஜனவரி 12

யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். திறக்கவில்லை.

ஜனவரி 20

உடனே அறுக்க மாட்டார்களாம். வீக்கம் வடிய வேண்டும், முட்டி முழுசாக நீள வேண்டும், அதற்கப்புறம்தான். மடங்கின முட்டியை அறுத்தால் மடங்கினபடியே இறுகிப்போகும் அபாயம் இருக்கிறது. ஆகவே தினமும் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கிப் பத்து எண்ணுவது. தொடை இறுக மாட்டேன் என்கிறது. நான் சொல்கிறேன், அதற்குக் கேட்கவில்லை. டீச்சர் தாளம் தட்டுகிற தட்டுக்கழி ஓசைக்கே விறைத்து எழுந்த தொடை இது.

ஜனவரி 24

பெரியம்மா வந்திருந்தாள். சுதா சந்திரன் கதையைச் சொன்னாள். நேற்று பக்கத்து வீட்டு மாமியும் அதையேதான் சொன்னார். 1981இல் விபத்து, வலது காலை எடுத்தார்கள், ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு மறுபடி ஆடினார். எனக்குத் தெரியாததா? எங்கள் வகுப்பில் கால் வலிக்கிறது என்று யார் வாயைத் திறந்தாலும் டீச்சர் சொல்லும் கதை அது.

அவர் ஆடியது உண்மை, பெரிது. ஆனால் அந்த நடு வருஷங்களை யாரும் சொல்வதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

பிப்ரவரி 6

நாளை காலை ஆறு மணிக்கு அறுவை சிகிச்சை. பட்டினி. மருதாணியை அழித்து வரச் சொன்னார்கள். அது அழிகிற சமாச்சாரமா?

பிப்ரவரி 10

தொடையின் பின்பக்கத்திலிருந்து நாண் ஒன்றை உருவி, மடித்து, எலும்பில் துளை போட்டு முட்டிக்குள் கோத்திருக்கிறார்கள். மெனிஸ்கஸில் தையல். அதனால் ஆறு வாரத்துக்கு தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. முழுமண்டி, முட்டியை முழுசாக மடக்கி உட்காரும் நிலை, அதைப் பற்றிக் கேட்டேன். டாக்டர் என்னைப் பார்த்தார். “அதை இப்ப நினைக்காதீங்கம்மா.”

நினைக்காமல்?

பிப்ரவரி 16

தூக்கம் இல்லை. அலிசியா அலோன்சோ நினைவு. கியூபாவின் பாலே நடனக்காரி. 1941இல் விழித்திரை பிரிந்து, அறுவை சிகிச்சைகள் நடந்து, தலையை அசைக்காமல் மாதக்கணக்கில் படுக்கை. அந்தப் படுக்கையில் போர்வைமேல் இரண்டு விரல்களைக் கால்களாக வைத்து ‘ஜிசெல்’ பாலே முழுவதையும் ஆடிப் பழகியிருக்கிறார். 1943 நவம்பரில் நியூயார்க்கில் இன்னொருவருக்குப் பதிலாக ஏறி அதையே ஆடினார். பாதிப் பார்வையோடு.

நானும் வைத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் இடது, நடுவிரல் வலது. கச்சேரியின் முதல் உருப்படியான அலாரிப்பு, மூன்று எண்ணும் திஸ்ரத்தில். முட்டியை இரு பக்கமும் விரித்துப் பாதி உட்காரும் அரைமண்டி விரலுக்கு நன்றாக வருகிறது. இரண்டு பக்கமும் சமமாக விரிகிறது. மூன்றாம் தடவை ஆடும்போது நடுவிரல் தரையைத் தொடவே தயங்கியது. விரல்தான். அதற்கென்ன பயம்?

பிப்ரவரி 23

இன்று கால் தானாக எழுந்தது. ஒரு ஜாண் உயரம். அம்மா பார்த்தாள்.

மார்ச் 8

சிவராத்திரி. சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி. நான் போயிருக்க வேண்டிய வருஷம்.

ராத்திரி முழுக்கக் கண்விழித்து அந்தப் பாண்டியனையே நினைத்துக்கொண்டிருந்தேன். திருவிளையாடலில் வருகிற ராஜசேகர பாண்டியன். அறுபத்து நான்கு கலையில் அறுபத்து மூன்றைக் கற்றவன், பரதம் ஒன்றுதான் பாக்கி. அதையும் கற்கப் போகிறான். ஆடி முடித்து வந்தால் உடம்பெல்லாம் நோவு. அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது: நமக்கே இப்படி என்றால், காலமெல்லாம் ஒரே காலில் நிற்கிற நடராஜருக்கு? கோயிலுக்கு ஓடுகிறான். கால் மாற்றி ஆடு, இல்லாவிட்டால் இந்த வாள்மேல் விழுந்து செத்துப்போகிறேன் என்கிறான். அவரும் மாற்றுகிறார். மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் இடது கால் ஊன்றி, வலது கால் தூக்கி நிற்கிறார்.

சின்ன வயதில் இதைப் பக்திக் கதையாகக் கேட்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது. எல்லாரும் பார்ப்பது தூக்கிய காலை. அதுதான் அருள், அதுதான் முக்தி. ஊன்றிய கால் மறைத்தல் என்று சித்தாந்தம் சொல்கிறது. நாங்களும் மேடையில் அப்படித்தான்: கை தூக்கிய பாதத்தைக் காட்டும், கண் அங்கே போகும், சபை அங்கே பார்க்கும். ஊன்றிய காலில் முட்டி மடங்கி, மொத்த எடையும் அதன்மேல் ஏறி, அது நடுங்காமல் நிற்க வேண்டும். அதை ஒருவர் பார்த்தார் என்றால் அதிலே ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை பேர் நின்று பார்த்ததில் ஒருத்தனுக்குத்தான் அந்தக் கால் வலிக்குமே என்று தோன்றியிருக்கிறது. அதுவும் தான் ஆடிப் பார்த்த பிறகு.

எனக்கு ஊன்றுகால் வலது.

மார்ச் 30

தையல் டேப்பால் தொடையை அளந்தோம். முட்டிக்கு மேல் ஒரு சாண் விட்டு. இடது 46 செ.மீ., வலது 41.

வலி போய்விட்டது. நொண்டல் இல்லை. படி ஏறுகிறேன். சந்தோஷமாகச் சொன்னேன், பிசியோ தம்பி முகம் மாறிவிட்டது. “இப்பதாங்க்கா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்.” உள்ளே வைத்த நாணுக்கு முதலில் ரத்த ஓட்டமே கிடையாதாம். அது பழைய உயிரை விட்டு, புது நாளங்கள் புகுந்து, மெல்ல ஜவ்வாக மாற வேண்டும். நடுவில் இந்த இரண்டாம் மூன்றாம் மாதம்தான் மிகவும் பலவீனமாக இருக்கும். நமக்கோ நன்றாகிவிட்டது என்று தோன்றுகிற நேரமும் இதுவே. ஆக, நன்றாக இருக்கிறது என்கிற உணர்வை நம்பக் கூடாது. சரி. அப்போது எதை நம்புவது?

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. நாற்காலியில் உட்கார்ந்து வகுப்பெடுத்தேன். தட்டுக்கழி மட்டும் என் கையில்.

ஏப்ரல் 29

உலக நடன நாள். பாலே குரு நோவேர் பிறந்த நாள், அதாவது பாலேக்காரர்களின் நாள்தான் எல்லாருக்குமாக ஆனது. எனக்கு இன்று அவர்களுடைய தரைமேல்தான் பொறாமை. மரச்சட்டங்கள் கோத்து, கால் வைத்தால் லேசாக அமுங்கி எழுகிற தரை. நாங்கள் வெறுங்காலால் சிமெண்டில், கருங்கல்லில், டைல்ஸில் ஓங்கித் தட்டுகிறோம். தட்டின சத்தம் கேட்கவில்லை என்றால் டீச்சர் மறுபடி தட்டச் சொல்வார். அந்த விசை எங்கே போகும்? திரும்பி எலும்புக்குத்தான் வரும்.

என் மாணவிகள் பதினாலு பேர். மாடியில் டைல்ஸ் தரை. இரண்டு வருஷமாக அதிலேதான் ஆடவைத்திருக்கிறேன்.

மே 3

தச்சரை வரச் சொன்னேன். 18 அடிக்கு 12 அடி. அடியில் ரப்பர், குறுக்குச் சட்டம், மேலே பிளைவுட். அவர் சொன்ன தொகையைக் கேட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 2

எதுவும் எழுதத் தோன்றவில்லை. மழையும் இல்லை.

ஜூன் 11

டீச்சர் வீட்டுக்குப் போனேன். எழுபத்தெட்டு வயது. ஊஞ்சலில் இருந்தபடியே, “உட்காருடி, ஒரு பதம் சொல்லித் தரேன்” என்றார். பதம் என்றால் மெல்ல அபிநயம் பிடிக்கிற பாட்டு. நான் நிற்க வேண்டும் என்றேன். “யார் சொன்னா? உட்கார்ந்து அபிநயம் பிடிச்சவா எத்தனை பேர். காலில்லாம ஒரு பதம் நிக்கலேன்னா காலோடயும் நிக்காது.”

எனக்கு அழுகை வந்தது, கோபமும். பரதக் கலைஞர் பாலசரஸ்வதி 1975இல் தமிழிசைச் சங்கத்தில் பேசியபோது மார்கத்தை, அதாவது கச்சேரி உருப்படிகளின் வரிசையை, கோயிலோடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் மண்டபம், அப்புறம் வர்ணம் என்னும் பெரிய சந்நிதி. பதம் அதையும் தாண்டி உள்ளே, கர்ப்பகிரகம். கோபுரம் வழியாக நடந்து போகாமல் கர்ப்பகிரகத்துக்குள் நேரே இறக்கிவிட்டால் எப்படி? அதைத்தான் டீச்சரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பாட ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் ஒரே வரி. திரும்பி வரும்போது மந்தைவெளி வரை அந்த வரிக்குப் பன்னிரண்டு பாவம் யோசித்துக்கொண்டு வந்தேன். முட்டி நினைவே வரவில்லை. வீட்டுப் படியில்தான் வந்தது.

ஜூலை 19

தொடை: இடது 45, வலது 43.5.

ஆகஸ்ட் 4

வீடியோவைத் திறந்தேன். ஏழு மாதம் ஆகிவிட்டது.

விழுந்ததைப் பார்க்க முடியும், அதில் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் உள்ள பத்து நிமிஷம்தான். ஒவ்வொரு முறை குதித்து இறங்கும்போதும் வலது முட்டி உள்பக்கம் சாய்கிறது. பாதம் வெளியே பார்க்கிறது, முட்டி முன்னால் பார்க்கிறது. மூன்று தடவை, நான்கு தடவை. தப்பித்துத் தப்பித்துத்தான் அந்தக் கடைசிக் குதிப்புக்கு வந்திருக்கிறேன். அரைமண்டியில் தொடை இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். என் வலது இடுப்பு அவ்வளவு திரும்பாது. பாதத்தைத் திருப்பிவிட்டு மிச்சத்தை முட்டியிடம் வாங்கிக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷமாக?

கம்பளத்தை இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். கம்பளமும் காரணம்தான், அது அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 5

அரைமண்டி. கண்ணாடி முன்னால், இடுப்பு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்கே. பாதம் பழைய அகலத்துக்கு வரவில்லை. குறுகலாக, ஆரம்ப வகுப்புப் பிள்ளை மாதிரி. தட்டடவு முதல் படி, முதல் காலம். தெய்யா தெய்.

அரங்கேற்றம் ஆகி இருபத்திரண்டு வருஷம்.

செப்டம்பர் 15

மூத்த மாணவி என் அரைமண்டியைப் பார்த்துவிட்டு, “அக்கா, நாங்களும் இவ்ளோதான் திருப்பணுமா?” என்று கேட்டாள். ஒவ்வொருத்தியாக நிற்கவைத்துப் பார்த்தேன். ஐந்து பேருக்கு என்னைப் போலவே முட்டி உள்ளே விழுகிறது. ஒருத்திக்கு வயது ஒன்பது.

அக்டோபர் 12

விஜயதசமி. சலங்கையைப் பூஜையில் வைத்து எடுத்துக் கட்டினேன். தோல் பட்டை இறுகிப்போயிருந்தது. பழைய துளையில் ஏறவில்லை, வலது காலில் ஒரு துளை உள்ளே தள்ளிக் கட்ட வேண்டியிருந்தது. கெண்டைக்கால் இன்னும் மெலிவாக இருக்கிறது.

புது மரத்தரையில் முதல் தட்டு. சத்தம் வேறு. பிள்ளைகள் சிரித்தார்கள்.

அக்டோபர் 27

மதுரை. வெள்ளியம்பலம். கூட்டம் தள்ளிக்கொண்டே இருந்தது, இரண்டு நிமிஷம்தான் நிற்க முடிந்தது. நான் இடது முட்டியைப் பார்த்தேன். மடங்கியிருக்கிறது, எடை இறங்கியிருக்கிறது. தூக்கிய வலது கால் காற்றில் ஓய்வாக இருக்கிறது.

டீச்சரிடம் போனில் கேட்டேன்: கீர்த்தனத்தில் அந்த நிலையைக் கால் மாற்றி வைத்துக்கொள்ளட்டுமா? மதுரையும் மரபுதானே. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். “அவருக்காக இன்னொருத்தன் கேட்டான். உனக்காக நீயே கேக்கறே. பாரு, அது வேற.” அப்புறம், “வலி இருந்தா மாத்திக்கோ. பயம்னா மாத்தாதே” என்று சொல்லி வைத்துவிட்டார்.

வலி இல்லை.

நவம்பர் 30

புயல். பிசியோ கிடையாது. கரண்ட் இல்லாத மத்தியானம், விரலால் வர்ணம்.

டிசம்பர் 9

ஒற்றைக்கால் தாண்டல் சோதனை. வலது, இடதில் 93 சதவீதம். 90 போதும். பத்து மாதம் முடிந்துவிட்டது. தம்பி கைகுலுக்கி, “கால் ரெடிக்கா” என்றான். கால் ரெடி. நான் இறங்குவதற்கு முந்தைய நொடியில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அதை எந்த டேப்பால் அளப்பது?

டிசம்பர் 28

சீசன். தினமும் யாரோ ஆடுகிறார்கள். பார்க்கப் போனால் அவர்கள் முட்டியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

2025 ஜனவரி 6

திருவாதிரைக்குச் சின்னச் சிவன் கோயிலில் நாற்பது நிமிஷம். ஒத்துக்கொண்டேன். மண்டபத்துத் தரை கருங்கல். போய் வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். இரண்டு இடத்தில் மேடுபள்ளம். இந்தத் தடவை சொன்னேன். குருக்கள் சாக்பீஸ் கொண்டுவந்து தந்தார், அவ்விடங்களைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு வந்தேன். குதித்து இறங்கும் தீர்மானங்கள் மூன்று இருந்தன, ஒன்றை எடுத்துவிட்டோம். மிருதங்கம் அண்ணா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜனவரி 13

மாலை நாலு மணி. கண்மை போட்டாகிவிட்டது. கல் இன்னும் சுடுகிறது, ஆறு மணிக்கு ஆறிவிடும் என்கிறார்கள். அம்மா தண்ணீர் தெளித்துவிட்டு, ஈரம் வழுக்கும் என்று தானே துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 14

பொங்கல். முட்டியில் வீக்கம் இல்லை. கெண்டைக்கால் மட்டும் கல்லாகக் கிடக்கிறது.

கீர்த்தனத்தில் அந்த இடத்தில் எந்தக் காலில் நின்றேன் என்று நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அம்மா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மிருதங்கம் அண்ணா ஊருக்குப் போய்விட்டார். வீடியோ எடுத்த பையன் நாளைக்கு அனுப்புகிறேன் என்றான்.